காற்றைப் பிடித்து உரமாக்கியவர் - பிரிட்ஸ் ஹேபர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதணும்னு அறிவியல் டீச்சர் சொன்னாங்க. நியூட்டன், எடிசன், மேரி கியூரி எல்லாரும் ஏற்கனவே நம் சுவரில் வந்துவிட்டார்கள். அதனால் நான் பிரிட்ஸ் ஹேபரை எடுத்துக்கொண்டேன். வேதியியல் பாடத்தில் அம்மோனியா தயாரிப்பதற்கு ஹேபர் முறை என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்குன்னு நான் நினைக்கவே இல்லை. படிக்கப் படிக்க ஒரு நேரம் அவரைக் கும்பிடத் தோணுது, ஒரு நேரம் கோபம் வருது. முழுசா படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

பிறப்பும் படிப்பும்

ஹேபர் 1868-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஜெர்மானியரிடம் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அவர் பிறந்து மூன்று வாரத்திலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா சாய வியாபாரி. மகன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ வேதியியல் மேல்தான் ஆசை. பெர்லினிலும் ஹைடல்பெர்க்கிலும் படித்து 1891-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் அப்பாவோடு வியாபாரத்தில் இருந்து பார்த்தார், இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. பிறகு கிறிஸ்தவ மதத்துக்கு மாறினார். யூதராக இருந்தால் அந்தக் காலத்து ஜெர்மனியில் பெரிய வேலைகள் கிடைப்பது கஷ்டம். 1894-இல் கார்ல்ஸ்ரூஹே நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேயே உயர்ந்து 1906-இல் பேராசிரியர் ஆனார்.

கிளாரா

1901-இல் ஹேபர் கிளாரா இம்மர்வார் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். தோழிகளே, இவரைப் பற்றி நாம் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் கிளாராதான். அது 1900-இல் நடந்தது, அதுவும் வேதியியலில்! ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கென்று ஓர் ஆய்வகம் இல்லை. 1902-இல் மகன் ஹெர்மன் பிறந்தான். வீடு, குழந்தை, விருந்தாளிகள் என்று நாட்கள் போயின. கணவர் எழுதிய புத்தகத்துக்கு உதவி செய்தார். 1905-இல் வந்த அந்தப் புத்தகத்தை ஹேபர் மனைவிக்கே சமர்ப்பணம் செய்தார். சமர்ப்பணம் கிடைத்தது, சோதனைக்குழாய் மட்டும் கிளாரா கைக்குத் திரும்பி வரவில்லை.

உலகத்துக்கு வந்த பஞ்ச பயம்

1898-இல் வில்லியம் குரூக்ஸ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி எல்லாரையும் கவலைப்பட வைத்தார். மக்கள்தொகை ஏறிக்கொண்டே போகிறது, கோதுமைக்கு நைட்ரஜன் உரம் வேண்டும், ஆனால் உரம் போதாது என்று சொன்னார். அப்போது ஐரோப்பாவுக்கு உரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் நைட்ரேட் உப்பை வெட்டி எடுத்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். வெட்ட வெட்ட அது ஒருநாள் தீர்ந்துதானே போகும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் பயிரால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று கைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். இதைத்தான் முப்பிணைப்பு என்று படிக்கிறோம். அந்தப் பிடியை விடுவிக்க மின்னலால் முடியும். உளுந்து, கடலைச் செடிகளின் வேர்முண்டில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவால் முடியும். மனுஷனால் மட்டும் சுலபமாக முடியவில்லை. தலைக்கு மேலே மலை மாதிரி சோறு இருக்கு, கை எட்டலை!

சொட்டுச் சொட்டாக வந்த வெற்றி

ஹேபர் இதில் இறங்கினார். ஒரு பங்கு நைட்ரஜனையும் மூன்று பங்கு ஹைட்ரஜனையும் சேர்த்தால் அம்மோனியா வரும். எழுதிக் காட்டுவதற்குச் சுலபம், செய்து காட்டுவதுதான் கஷ்டம். சூடு குறைவாக இருந்தால் வினை நடக்காது. சூட்டை ஏற்றினாலோ உண்டான அம்மோனியா மறுபடியும் பிரிந்து போகும். அதனால் அழுத்தத்தை மிக அதிகமாக்கி, நல்ல வினையூக்கி ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று ஹேபர் கண்டுபிடித்தார். ராபர்ட் லெ ரொசிஞோல் என்ற இளம் உதவியாளர் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கருவியையும் வால்வுகளையும் செய்து கொடுத்தார். ஆஸ்மியம் என்ற அரிய உலோகம் வினையூக்கி ஆனது.

1909 ஜூலை மாதத் தொடக்கத்தில், பி.ஏ.எஸ்.எஃப் என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனி ஆட்கள் பார்க்க வந்தார்கள். மேசை மேல் வைக்கிற அளவுள்ள அந்தக் கருவியில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்தச் சொட்டுதான் உலகத்தை மாற்றியது.

சின்னக் கருவியை ஆலையாக மாற்றியவர் கார்ல் போஷ் என்ற பொறியாளர். அவரோடு வேலை செய்த அல்வின் மித்தாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, விலை அதிகமான ஆஸ்மியத்துக்குப் பதிலாக இரும்பில் ஒரு வினையூக்கியைக் கண்டுபிடித்தார். முதலில் செய்த எஃகுக் குழாய்கள் சில நாட்களிலேயே வெடித்தன. சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் இருக்கும் கார்பனைத் தின்றுவிட்டதுதான் காரணம். போஷ் உள்ளே மெல்லிரும்பில் இன்னொரு உறை போட்டு அதைச் சரிசெய்தார். 1913-இல் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. அதனால்தான் இதை ஹேபர்-போஷ் முறை என்றும் சொல்வார்கள்.

இன்றைக்கு உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கோடி டன் அம்மோனியா இந்த முறையில்தான் தயாராகிறது. பெரும்பகுதி உரத்துக்குப் போகிறது. உலக மக்களில் சுமார் பாதிப் பேருக்குச் சாப்பாடு கிடைப்பது இந்த உரத்தால்தான் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்க தாத்தா யூரியாவை உப்புன்னுதான் சொல்லுவார். நாற்று வெளுத்துப் போனால் ஒரு மூட்டை உப்பு வாங்கியா என்பார். அந்த மூட்டைக்குள் கார்ல்ஸ்ரூஹே ஆய்வகத்துச் சொட்டு இருக்கு என்பது தாத்தாவுக்குத் தெரியாது. மதியம் நம்ம தட்டில் விழுகிற சோற்றிலும் அது இருக்கு.

போர் வந்தது

இத்தோடு கதை முடிந்திருந்தால் ஹேபரைப் பசிப்பிணி தீர்த்தவர் என்று எழுதிவிட்டு நான் பேனாவை மூடியிருப்பேன். 1911-இல் பெர்லினில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் இயக்குநரானார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்துக் கடற்படை கடலை அடைத்ததால் சிலி நைட்ரேட் ஜெர்மனிக்கு வரவில்லை. வெடிமருந்து செய்யவும் நைட்ரேட்தான் வேண்டும். அதனால் உரத்துக்காகக் கண்டுபிடித்த அம்மோனியா வெடிமருந்து ஆனது. ஜெர்மனி நான்கு ஆண்டுகள் போர் நடத்த முடிந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அதோடும் ஹேபர் நிற்கவில்லை. குளோரின் வாயுவை ஆயுதமாக்கலாம் என்று யோசனை சொல்லி, போர்முனைக்குப் போய் அவரே மேற்பார்வை செய்தார். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்துவிட்டார்கள். 150 டன்னுக்கு மேல் குளோரின் மஞ்சள் பச்சைப் புகையாக எதிரிப் படை மேல் நகர்ந்தது. மூச்சு முட்டி வீரர்கள் செத்து விழுந்தார்கள்.

சில நாட்களில், மே 2-ஆம் தேதி, கிளாரா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். காரணத்தைச் சொல்லும் கடிதம் எதுவும் இல்லை. விஷவாயு வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மகனுக்கு அப்போது 12 வயதுதான். அடுத்த நாளே ஹேபர் மகனை வீட்டில் விட்டுவிட்டு கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிப் போனார். இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை ஓடலை. நம்மைவிட இரண்டு வயது சின்னப் பையன் அந்த வீட்டில் என்ன செய்திருப்பான்?

பரிசும் வெடிப்பும்

போர் முடிந்து, 1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹேபருக்கு 1919-இல் அறிவிக்கப்பட்டது. அம்மோனியா கண்டுபிடிப்புக்காகத்தான் பரிசு. விஷவாயு செய்தவருக்குப் பரிசா என்று பல நாட்டு விஞ்ஞானிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1921 செப்டம்பர் 21-ஆம் தேதி அந்த ஓப்பாவ் ஆலையில் குவித்து வைத்திருந்த உரம் வெடித்தது. 500-க்கும் அதிகமான பேர் இறந்தார்கள். உரம் என்றால் சும்மா உப்பு மாதிரிதான் என்று நினைத்தவர்களுக்கு அன்றைக்குத்தான் அதன் பலம் தெரிந்தது.

கடலில் தங்கம் தேடியவர்

தோற்ற ஜெர்மனி 13,200 கோடி தங்க மார்க் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று 1921-இல் முடிவானது. அது கிட்டத்தட்ட 50,000 டன் தங்கத்தின் விலை! காற்றிலிருந்து சோறு எடுத்த நான் கடலிலிருந்து தங்கம் எடுத்து நாட்டின் கடனை அடைப்பேன் என்று ஹேபர் புறப்பட்டார். கடல் நீரில் ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் இருக்கும் என்று அப்போது நம்பினார்கள். பயணிகள் கப்பலிலேயே ரகசியமாக ஆய்வகம் வைத்து அட்லாண்டிக் கடலைக் கடந்தார். பல கடல்களிலிருந்து ஆயிரக்கணக்கான பாட்டில் தண்ணீர் வரவழைத்துச் சோதித்தார். கடைசியில் பார்த்தால், நினைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேறுமா என்று ஆகிவிட்டது. 1926-இல் அந்த வேலையைக் கைவிட்டார். கடல் அவருக்கு ஒன்றும் தரவில்லை.

கடைசிக் காலம்

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. போரில் சேவை செய்ததால் ஹேபர் தன் நாற்காலியில் இருந்திருக்கலாம். ஆனால் தன் நிலையத்தில் வேலை பார்த்த யூதர்களை விரட்ட மனமில்லாமல் ராஜினாமா செய்தார். நாட்டுக்காக எல்லாவற்றையும் செய்தவருக்கு அந்த நாட்டில் இடமில்லாமல் போனது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் சில மாதங்கள் இருந்தார். 1934 ஜனவரி 29-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் மாரடைப்பால் காலமானார். கிளாராவின் அஸ்தியையும் கொண்டுவந்து அவரோடு ஒரே கல்லறையில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கொடுமையும் இருக்கு. அவருடைய நிலையத்தில் பூச்சி கொல்வதற்காக நடந்த சயனைடு ஆராய்ச்சியிலிருந்து வந்த சைக்ளான் பி என்ற மருந்தைத்தான் பிறகு நாஜிகள் வதைமுகாம்களில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்தினார்கள். இறந்தவர்களில் ஹேபரின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

அவர் போனார், நைட்ரஜன் போகவில்லை

வாழ்க்கை வரலாறு என்றால் இறந்த தேதியோடு முடியணும். ஆனால் ஹேபர் கதை முடியவில்லை. அது இப்போது கடலில் நடந்துகொண்டிருக்கிறது. எப்படின்னு சொல்றேன்.

வயலில் போடுகிற நைட்ரஜன் உரத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பகுதி தண்ணீரோடு ஓடிவிடும். இன்னொரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் ஏறிவிடும். யூரியா போட்ட வயல் ஓரம் சில நேரம் மூக்கைத் துளைக்குமே, அதுதான். இதோடு மாட்டுச் சாணம், மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும், லாரி, கார், அனல்மின் நிலையப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்துகொள்ளும். (இந்தப் புகைக்கு ஹேபர் பொறுப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) எல்லாம் காற்றோடு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் மழையிலும் தூசியிலும் கடலில் இறங்குகின்றன. ஆறே போய்ச் சேராத நடுக்கடலுக்கும் வானம் வழியாக உரம் போகிறது!

போனால் நல்லதுதானே, மீன் கொழுக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் டீச்சரிடம் அதைத்தான் கேட்டேன். கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் இருக்கின்றன. உலகில் உண்டாகும் ஆக்சிஜனில் சுமார் பாதி அவை தருவதுதான். அவைதான் மீனுக்கெல்லாம் அடிப்படைச் சாப்பாடு. ஹேபர் இறந்த அதே 1934-இல் ஆல்பிரட் ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி ஓர் ஆச்சரியமான கணக்கை வெளியிட்டார். கடல் நீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும், அந்த மிதவை உயிர்களின் உடம்பில் இருக்கும் அதே விகிதத்தில் இருக்கின்றன என்றார். பிறகு அந்த விகிதம் 16-க்கு 1 என்று உறுதியானது. நம்ம வீட்டு இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஓர் அளவில் போடுவது போலத்தான். காலம் காலமாகக் கடல் அந்த அளவைக் காத்துவந்தது. இப்போது வானத்திலிருந்து நைட்ரஜன் மட்டும் அதிகமாக விழுகிறது. பாஸ்பரஸ் அப்படி விழுவதில்லை. அரிசியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இட்லி என்ன ஆகும்? சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இந்த விகிதம் மாறிவருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எவ்வளவு விழுகிறது? 2000-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 6.7 கோடி டன் என்றது. 2017-இல் வந்த இன்னொரு ஆய்வு 3.9 கோடி டன் என்று மதிப்பிட்டது. கடலுக்கு வெளியிலிருந்து புதிதாக வரும் நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கு வரை மனிதனால் காற்று வழியாகப் போனதாக இருக்கலாம் என்பது 2008 ஆய்வின் முடிவு. அதைத் தின்று வளரும் மிதவைத் தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அது லாபம். ஆனால் நைட்ரஜன் கூடினால் கடலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் கூடுதலாக வரும். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடக் கிட்டத்தட்ட 270 மடங்கு பலம் உள்ளது. கிடைத்த லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை இப்படியே போய்விடலாம் என்று அதே ஆய்வு சொல்கிறது. ஒரு கையில் வாங்கி இன்னொரு கையில் கொடுத்த கதைதான்.

மூடிய கடல்களில் பாதிப்பு இன்னும் கண்கூடு. ஜெர்மனியின் வடக்கே உள்ள பால்டிக் கடலுக்குப் போகும் நைட்ரஜனில் சுமார் கால் பங்கு காற்று வழியாகப் போகிறது. மீதி ஆறுகள் கொண்டுபோவது. பாசி பெருகுகிறது, செத்து அடியில் விழுகிறது, பாக்டீரியாக்கள் அதை மக்க வைக்கும்போது ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அடியில் மீனோ நண்டோ வாழ முடியாத பகுதிகள் உண்டாகியிருக்கின்றன. நம் வங்கக் கடலும் இதில் சேர்த்திதான். பனிக்காலத்தில் கங்கைச் சமவெளியிலிருந்து வீசும் காற்று அங்குள்ள உரத்தின், புகையின் நைட்ரஜனை வங்கக் கடலுக்கு மேல் கொண்டுவருகிறது.

ஹேபர் கடலில் தங்கத்தைத் தேடிக் கப்பல் ஏறினார், கிடைக்கவில்லை. அவர் காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனோ கப்பல் ஏறாமலே எல்லாக் கடலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் நினைப்பது

அதற்காக உரமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாதி உலகம் பட்டினி கிடக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். பயிருக்கு எப்போது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் பிரித்துப் பிரித்துப் போடுவது, இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடுவது, நெல்லுக்குப் பின் உளுந்தோ பயறோ விதைப்பது, இதெல்லாம் நம் ஊரிலேயே செய்ய முடிந்தவை. நம் நாட்டில் 2015 முதல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசுவதும் அது மெதுவாகக் கரைந்து வீணாகாமல் இருக்கத்தான். பைசாவும் மிச்சம், கடலுக்கும் நல்லது.

கடைசியாக ஒரு விஷயம். அறிவியல் அறையில் மாட்ட விஞ்ஞானிகள் படம் வரைகிறோம் இல்லையா? ஹேபர் படத்தை மாட்டலாமா கூடாதா என்று எங்க வகுப்பில் இரண்டு நாள் சண்டை. பாதிப் பேர் சோறு போட்டவர் என்கிறார்கள், பாதிப் பேர் விஷம் வைத்தவர் என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். என்னைக் கேட்டால் படத்தை மாட்டணும், அதற்குக் கீழே 1909 என்றும் 1915 என்றும் இரண்டு ஆண்டையும் எழுதணும். பக்கத்திலேயே கிளாரா படத்தையும் மாட்டணும்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கேன். உங்கள் கருத்தைப் பேனாவால் எழுதுங்கள். பெயரும் வகுப்பும் போட மறக்காதீங்க.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி